கவுன்சில் வீட்டு வாடகை பிந்தினால்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தில் ஒரு மூலையில் எனக்கு ஒரு மேசை உண்டு. பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வரும் பெற்றோர் தங்களுக்கு வந்த ஆங்கிலக் கடிதங்களை அங்கே கொண்டுவருவார்கள். நான் சட்டத்தரணி அல்ல. கடிதத்தை வாசித்துச் சொல்லி, யாரிடம் போகவேண்டும் என்று வழிகாட்டுவதோடு என் வேலை முடிகிறது. வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் வாடகை நிலுவை பற்றியவை. அதிலும் பாதி, உறையே கிழிக்கப்படாமல் பிளாஸ்டிக் பையில் கட்டாக வருபவை. நேரத்தோடு பிரித்திருந்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும் விஷயங்கள் பல அந்தப் பைக்குள் கிடந்திருக்கின்றன.

கீழே உள்ளவை இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் குடியிருப்புச் சட்டம் வேறு. தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது சரிவராது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ரெண்டு கிழமை வாடகை பிந்திப் போச்சு. வீட்டை விட்டு எழுப்பிப் போடுவினமோ?

இல்லை. கவுன்சிலோ ஹவுசிங் அசோசியேஷனோ (கவுன்சிலைப் போலக் குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் அமைப்பு) தாமாகவே வந்து பூட்டை மாற்ற முடியாது. முதலில் எழுத்தில் நோட்டீஸ், பிறகு கவுண்டி நீதிமன்றத்தில் வழக்கு, விசாரணை, நீதிபதியின் கட்டளை, அதன் பிறகு பெய்லிஃப் (கட்டளையை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரி) வருவதற்கான வாரண்ட் என்று படிப்படியாகத்தான் போகவேண்டும். இதற்கு மாதக்கணக்கில் எடுக்கும். நீதிமன்றத்தைத் தாண்டி ஒருவரை வெளியேற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆனால் ஒவ்வொரு படி ஏறும்போதும் உங்கள் கையில் இருக்கும் வழி ஒன்று குறையும். ரெண்டு கிழமை நிலுவையில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். வழக்குப் போட்ட பிறகு அதே நிலுவையோடு சில நூறு பவுண் நீதிமன்றச் செலவும் உங்கள் தலையில் ஏறும்.

எங்கட வீடு கவுன்சில் வீடோ அசோசியேஷன் வீடோ எண்டு எனக்கே தெரியாது. அது முக்கியமோ?

மிக முக்கியம். கவுன்சிலில் நீண்டகாலமாக இருப்பவர்கள் பெரும்பாலும் 'செக்யூர்' குடியிருப்பாளர்கள். இவர்களை நிலுவைக்காக எழுப்புவது நியாயம்தானா என்று நீதிபதி ஒவ்வொரு முறையும் யோசித்தே ஆகவேண்டும். அசோசியேஷன் வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் 'அஷூர்ட்' குடியிருப்பாளர்கள். அங்கே நீதிபதிக்கு வேறு வழியில்லாத ஒரு பிரிவும் இருக்கிறது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீடு கிடைத்து முதல் வருடத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கவுன்சிலின் 'இன்ட்ரடக்டரி' குடியிருப்பில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்திருந்தால் நீதிமன்றம் வீட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் சொல்லும். அந்த நோட்டீஸை மீளாய்வு செய்யும்படி 14 நாட்களுக்குள் கேட்கலாம். அதைத் தவறவிட்டால் வாதாட மிச்சம் அதிகம் இருக்காது. உங்களுடையது எந்த வகை என்பது வீடு எடுத்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கும்.

மாதா மாதம் ஒழுங்காக் கட்டுறன். பிறகேன் நிலுவை எண்டு கடிதம் வருது?

என் மேசைக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பத்தில் எட்டுப் பேரிடம் பிழை கணக்கில்தான் இருக்கும். வாடகை கிழமைக்கு 150 பவுண் என்று வையுங்கள். மாதத்துக்கு நாலு கிழமை என்று எண்ணி 600 பவுணுக்கு வங்கியில் நிரந்தரக் கட்டளை போட்டுவிடுவார்கள். வருடத்தில் 52 கிழமை. 150ஐ 52ஆல் பெருக்கினால் 7,800. நீங்கள் கட்டுவது 7,200. ஒரு நாளும் தவறாமல் கட்டியும் வருட முடிவில் 600 பவுண் கடன். சரியான மாதத் தொகை 650.

இரண்டாவது காரணம், வாடகை பொதுவாகத் திங்கட்கிழமை முன்கூட்டியே ஏறும்; யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கான அரச உதவிப்பணம், வாடகைப் பங்கும் அதற்குள்) மாதம் முடிந்த பிறகு வரும். அதனால் மாதத்தின் நடுவில் கணக்கைப் பார்த்தால் எப்போதும் நிலுவை மாதிரித்தான் தெரியும். கணினி அதைப் பார்த்துத் தானாகக் கடிதம் அனுப்பிவிடும். இப்படியான கடிதத்துக்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் ஒரு முறை அழைத்து "என் காசு இந்தத் தேதியில்தான் வரும்" என்று பதிவு செய்து வையுங்கள். ஒரு மாத வாடகையை முன்கூட்டியே சேர்த்துக் கட்டிவிட்டால் இந்தத் தலையிடி நிரந்தரமாகப் போய்விடும். மாதம் பத்து, இருபது என்று கூட்டிக் கட்டினாலும் அந்த இடத்துக்கு வந்து சேரலாம்.

வாடகைக் கணக்குக் கூற்றை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில இடங்களில் மைனஸ் குறி போட்டால் நீங்கள் கடன், சில இடங்களில் உங்களுக்கு வரவு. கூற்றில் நாலு மைனஸ் பார்த்து அழுதுகொண்டு வந்த ஒரு அம்மாவுக்கு உண்மையில் 212 பவுண் கூடுதலாக இருந்தது.

இந்த வருசம் 53 கிழமை எண்டு சொல்லுகினம். அதென்ன கூத்து?

வாடகை திங்கட்கிழமைகளில் ஏறுவதால் சில வருடங்களில் 53 திங்கட்கிழமை வந்துவிடும். யுனிவர்சல் கிரெடிட் எப்போதும் 52ஆல் பெருக்கி 12ஆல் பிரித்தே கணக்குப் போடும். மேலே சொன்ன 150 பவுண் வீட்டில் அந்த ஒரு கிழமைக் காசு, 150 பவுண், எங்கிருந்தும் வராது. கூத்துத்தான், ஆனால் சட்டப்படியான கூத்து. மாதம் 12.50 சேர்த்துக் கட்டினால் சமாளிக்கலாம்.

சில கவுன்சில்களில் இதற்கு நேர்மாறாக வருடத்தில் சில கிழமைகளுக்கு வாடகை ஏறாது. மொத்தத்தை 48 கிழமையிலோ 50 கிழமையிலோ அறவிட்டுவிடுவார்கள். நிலுவை இருப்பவர்கள் அந்தக் கிழமைகளில் வழக்கம்போல் கட்டினால் கடன் சத்தமில்லாமல் குறையும்.

வேலை போட்டுது. யுனிவர்சல் கிரெடிட்டுக்குப் போட்டிருக்கு, இன்னும் வரேல்லை. அதுவரைக்கும் வாடகை?

முதல் கொடுப்பனவு வர சுமார் ஐந்து கிழமை ஆகும். விண்ணப்பித்த அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், முதல் காசு எப்போது வரும். இதற்கு ஒரு பலன் உண்டு. சமூக வீட்டு உரிமையாளர்கள் (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன்) வழக்குக்கு முன் பின்பற்றவேண்டிய நடைமுறை விதிகள் இருக்கின்றன. உதவிப்பணம் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விண்ணப்பம் ஒன்று தீர்மானிக்கப்படாமல் இருக்கிறது என்று ஆதாரம் கொடுத்து, மிச்சப் பங்கையும் நீங்கள் கட்டிவந்தால் அவர்கள் அந்த நிலுவைக்காக வழக்குப் போடக்கூடாது.

முற்பணம் கேட்கலாம். அது கடன், இப்போது 24 மாதம் வரை பிரித்துக் கழிப்பார்கள். முழுத் தொகையையும் எடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எடுத்தால் வாடகைப் பங்கை அன்றே கட்டிவிடுங்கள். அந்தக் காசு வங்கியில் படுத்திருந்தால் வேறு ஏதாவது அதை விழுங்கும் என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஏப்ரலில வாடகை கூடிட்டுது. கிரெடிட் பழைய கணக்கிலேயே வருது.

சமூக வீடுகளில் வருடா வருடம் ஏப்ரலில்தான் பொதுவாக வாடகை கூடும். யுனிவர்சல் கிரெடிட் அதைத் தானாக அறிந்துகொள்ளும் என்று நம்பவேண்டாம். புதிய வாடகை தொடங்கும் நாளிலோ அதற்குப் பிறகோ உங்கள் ஆன்லைன் ஜர்னலில் (யுனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில்) நீங்களே பதியவேண்டும். மதிப்பீட்டு மாதம் (கிரெடிட்டைக் கணக்குப் போடும் மாதம்) முடியமுன் பதியாவிட்டால் அந்த மாதத்துக் கூடுதல் பணம் கிடைக்காமல் போகலாம். முன்கூட்டியே மார்ச்சில் பதிந்தாலும் குழப்பம்தான். கூடிய வாடகையைச் சொல்லும் கடிதம் பெப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

எனக்கு நாலு கிழமைக்கு ஒருக்காச் சம்பளம். போன மாதம் கிரெடிட் ஒரு சதமும் வரேல்லை. ஏன்?

நாலு கிழமைக்கு ஒரு தரம் என்றால் வருடத்தில் 13 சம்பளம். மதிப்பீட்டு மாதங்கள் 12. ஆகவே வருடத்தில் ஒரு தரம் இரண்டு சம்பளம் ஒரே மாதத்துக்குள் விழும். அந்த மாதம் கிரெடிட் சுருங்கும் அல்லது பூச்சியமாகும். அந்த மாதம் கையில் இரட்டைச் சம்பளம் இருக்கிறது. வாடகை அதிலிருந்துதான் போகவேண்டும். எந்த மாதம் என்று நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைக்கலாம்.

இதைவிட ஆபத்தானது, பூச்சியமான பிறகு கோரிக்கையே மூடப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் இருப்பது. ஆறு மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் பழைய மதிப்பீட்டுத் தேதிகளே தொடரும். ஜர்னலைத் திறந்து பாருங்கள்.

மகனுக்கு 21 ஆச்சு. அவன் ஒண்டும் உழைக்கேல்லை. ஏன் எங்கட காசைக் குறைச்சவை?

யுனிவர்சல் கிரெடிட்டில், உங்களுடன் வாழும் 21 வயது நிறைந்த பிள்ளை அல்லது உறவினர் ஒவ்வொருவருக்கும் வாடகைப் பங்கில் ஒரே அளவான தொகை வெட்டப்படும். அவர் உழைக்கிறாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. நீங்கள் அல்லது அவர் சில வகை ஊனமுற்றோர் உதவிப்பணம் பெற்றால் வெட்டு இல்லை. இதைக் கட்டாயம் சோதியுங்கள். ஓய்வூதிய வயதுப் பெற்றோர் பெறும் ஹவுசிங் பெனிஃபிட்டில் முறை வேறு. அங்கே பிள்ளையின் வருமானத்தைப் பொறுத்து வெட்டு மாறும். சம்பளத் துண்டைக் கொடுக்காவிட்டால் அதிகபட்ச வெட்டைப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் வீடுகளில் வளர்ந்த பிள்ளையிடம் வாடகைப் பங்கு கேட்பது அம்மாக்களுக்குக் கூச்சமான விஷயம். "பெத்த பிள்ளையிட்டக் காசு வாங்கிறதோ?" என்பார்கள். வெட்டப்பட்ட தொகை எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிப் பிள்ளைக்குக் காட்டுங்கள். வேலை செய்யும் பிள்ளைகள் பலர் அப்படி ஒன்று நடப்பதையே அறியாமல் இருந்திருக்கிறார்கள்.

மகள் கலியாணம் முடிச்சுப் போட்டா. ஒரு அறை சும்மா கிடக்கு. அதுக்கும் காசு வெட்டுவினமோ?

வேலை செய்யும் வயதில் இருந்தால், ஆம். 2013 ஏப்ரல் முதல் ஒரு அறை கூடுதலாக இருந்தால் தகுதியான வாடகையில் 14%, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25% வெட்டு. ஓய்வூதிய வயதினருக்கு இல்லை. பத்து வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகள் ஆணோ பெண்ணோ ஒரே அறையில் இருக்கலாம் என்றும், 16 வயதுக்குக் கீழ் ஒரே பாலினப் பிள்ளைகள் சேர்ந்து இருக்கலாம் என்றும் கணக்கிடுவார்கள். அதனால் பிள்ளைகள் ஆளுக்கொரு அறையில் இருந்தாலும் ஒன்று 'கூடுதல்' ஆகலாம்.

அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு யாழ்ப்பாணம் போய் ரெண்டு மாதம் நிண்டிட்டு வந்தன். வந்து பாத்தா எல்லாம் நிண்டிருக்கு.

யுனிவர்சல் கிரெடிட்டில் வெளிநாட்டில் இருக்க அனுமதிக்கப்படும் காலம் பொதுவாக ஒரு மாதம். நெருங்கிய உறவினரின் மரணம் என்றால், திரும்பி வருவது நியாயமில்லாதபோது, இன்னொரு மாதம் நீட்டலாம். ஹவுசிங் பெனிஃபிட்டுக்குப் பொது அளவு நாலு கிழமை. அதற்கு மேல் நிற்கத் திட்டமிட்டுப் போனால் போன நாளிலிருந்தே நிறுத்துவார்கள். வாடகையோ நீங்கள் எங்கே நின்றாலும் ஏறிக்கொண்டே இருக்கும்.

போகமுன் ஜர்னலில் அல்லது கவுன்சிலுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போய்ப் பிறகு தெரியவந்தால், நின்றுபோன காசோடு கொடுத்த காசையும் திருப்பிக் கேட்பார்கள். அவசரமாக ஓடவேண்டிய செய்தி வரும்போது இதெல்லாம் நினைவில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் நின்றாவது கைத்தொலைபேசியில் இரண்டு வரி எழுதுங்கள்.

அவைக்கு எடுத்து என்னத்தைக் கதைக்கிறது? இங்கிலீசும் வராது, வெக்கமாயும் கிடக்கு.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். "டமில் இன்டர்ப்ரிட்டர் ப்ளீஸ்" என்ற மூன்று சொல் போதும். தயவுசெய்து பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். பதினொரு வயதுச் சிறுமி தன் வீடு பறிபோகுமா என்று அதிகாரியிடம் கேட்பதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை அன்று வகுப்புக்குப் போகவில்லை.

அழைக்கமுன் ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதுங்கள்: வருவது, போவது. மின்சாரம், எரிவாயு, கவுன்சில் வரி, சாப்பாடு, போக்குவரத்து, பிள்ளைகளின் செலவு எல்லாம். மிச்சம் எவ்வளவோ அதற்குள் நிற்கும் தொகையைச் சொல்லுங்கள். அதிகாரி 50 கேட்டால் பயத்தில் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு இரண்டாம் மாதம் விழுத்துவதைவிட, கிழமைக்கு 5 பவுண் என்று சொல்லி வருடம் முழுக்கக் கட்டுவது நல்லது. முறிந்த ஒப்பந்தம் கோப்பில் உங்களுக்கு எதிராகக் கிடக்கும். நடைமுறை விதிகளும் உங்களால் தாங்கக்கூடிய தொகைக்குத்தான் உடன்படச் சொல்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது கணக்குக் கூற்று தரவும் சொல்கின்றன. கதைத்து முடிந்ததும், பேசியவரின் பெயர், தேதி, சொன்ன தொகை மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். பிழையான ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை.

கார்டுக் கடன், சீட்டுக் காசு, வட்டிக்கு வாங்கினது எல்லாம் இருக்கு. எதை முதல் கட்டுறது?

வாடகை. அதற்குப் பிறகு கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு. கார்டுக்காரர் எத்தனை தரம் தொலைபேசி எடுத்தாலும் உங்களை வீட்டை விட்டு எழுப்ப வரமாட்டார். சீட்டு வேறு மாதிரி. கட்டாவிட்டால் நாலு பேர் முன் மரியாதை போகும் என்ற பயத்தில் வாடகையை விட்டுவிட்டுச் சீட்டைக் கட்டுபவர்கள் நிறைய. நிலுவை இருக்கும்போது புதுச் சீட்டில் சேராதீர்கள் என்பது மட்டுமே என் கருத்து. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பவர் கொடுத்த கடனைச் சட்டப்படி அறவிட முடியாது. மிரட்டினால் குற்றவாளி அவர்தான்.

கடன் பல பக்கமும் நெருக்கினால், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடத்திலுள்ள கடன் ஆலோசகர் மூலம் 'பிரீதிங் ஸ்பேஸ்' கேட்கலாம். 2021 மே முதல் நடைமுறையில் இருக்கும் திட்டம் இது. 60 நாட்களுக்கு வாடகை நிலுவை உட்படப் பெரும்பாலான கடன்களுக்கு அறவிடும் நடவடிக்கை நிற்கும். ஆனால் அந்த 60 நாட்களில் ஏறும் புதிய வாடகையைக் கட்டியே ஆகவேண்டும்.

காசு கைக்கு வந்தா செலவாகிப் போகுது. நேரா வீட்டுக்காரருக்கே போகப் பண்ணலாமோ?

பண்ணலாம். இரண்டு மாத அளவு நிலுவை சேர்ந்திருந்தாலோ, காசை நிர்வகிப்பது கடினம் என்று காட்ட முடிந்தாலோ யுனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பங்கு நேராக வீட்டுக்காரருக்குப் போகும். நீங்களும் கேட்கலாம், அவர்களும் கேட்கலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பழைய நிலுவைக்காகவும் உங்கள் அடிப்படைத் தொகையிலிருந்து ஒரு பங்கு கழிக்கச் சொல்லலாம். 2025 ஏப்ரல் முடிவிலிருந்து எல்லாக் கழிவுகளுக்கும் சேர்த்துப் பொது உச்சவரம்பு 15%. வாடகை, மின்சாரம் போன்ற சில நிலுவைகளுக்கு அதைத் தாண்டியும் கழிக்க இடமுண்டு. அதனால் தொகை தாங்கமுடியாமல் இருந்தால் கேள்வி எழுப்புங்கள்.

கவுன்சிலிட்ட வேற உதவி ஏதும் இருக்கோ?

வாடகைக்கு உதவிப்பணம் பெற்றும் போதாதவர்களுக்குக் கவுன்சில் தன் விருப்புரிமைப்படி கொடுக்கும் கொடுப்பனவு ஒன்று இருந்தது. 2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் அது 'கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட்' என்ற புதிய நிதிக்குள் வந்துவிட்டது. உரிமையாகக் கிடைப்பது அல்ல, கேட்டால்தான் பார்ப்பார்கள். மேலே சொன்ன வருவது, போவது தாள் இங்கேயும் உதவும்.

சுவரெல்லாம் பூஞ்சணம். திருத்துற வரைக்கும் வாடகை கட்டாமல் விடப்போறன்.

கோபம் நியாயமானது, வழி ஆபத்தானது. வாடகையை நிறுத்தினால் நீங்கள் முறைப்பாட்டுக்காரர் என்ற இடத்திலிருந்து கடனாளி என்ற இடத்துக்கு மாறிவிடுவீர்கள். வாடகையைக் கட்டிக்கொண்டே முறைப்பாடு செய்யுங்கள்: படம், தேதி, மின்னஞ்சல். ரொச்டேலில் பூஞ்சணம் பிடித்த வீட்டில் இருந்து 2020இல் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்துக்கு 24 மணி நேரம். கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்கவேண்டும். செய்யாவிட்டால் அவர்களின் உள்ளக முறைப்பாடு, பிறகு ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் (வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு).

ஏற்கெனவே நிலுவை வழக்கு நடந்துகொண்டிருந்தால், திருத்த வேலை செய்யாததற்கு எதிர்க் கோரிக்கை போட்டு அந்த நட்டஈட்டை நிலுவையில் கழிக்க முடியும். அதைச் சட்டத்தரணி மூலம் செய்யுங்கள்.

நோட்டீஸ் வந்திட்டுது. இனி லோயருக்குக் காசு எங்க?

காசு வேண்டாம். 2023 ஓகஸ்ட் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு பறிபோகும் அபாயத்தில் எழுத்தில் நோட்டீஸ் பெற்ற எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அரச செலவில் சட்ட ஆலோசனை பெறலாம். விசாரணை நாளன்று நீதிமன்றத்திலேயே ஒரு ஆலோசகர் இருப்பார், அவரும் இலவசம். நோட்டீஸ் தாளையும் வாடகைக் கூற்றையும் கொண்டுபோங்கள்.

செக்யூர் குடியிருப்பில் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து வழக்குப் போடக் குறைந்தது நாலு கிழமை இருக்கும். அந்த நோட்டீஸ் 12 மாதம் உயிரோடு இருக்கும். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்று மறந்துவிடாதீர்கள்.

நோட்டீஸில 'கிரவுண்ட் 8' எண்டு போட்டிருக்கு. அதென்ன?

முன்னே சொன்ன, அஷூர்ட் குடியிருப்பாளர்களுக்கான கடுமையான பிரிவு இதுதான். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிழமை வாடகையில் நோட்டீஸ் கொடுத்த நாளிலும் விசாரணை நாளிலும் எட்டுக் கிழமை நிலுவை இருந்தால் நீதிபதி கட்டளை போட்டே ஆகவேண்டும். உங்கள் கஷ்டத்தைக் கேட்டு இரங்கினாலும் அவருக்கு அதிகாரம் இல்லை. 2025ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைச் சட்டம் இந்த அளவை 13 கிழமையாக உயர்த்துகிறது. ஆனால் தனியார் வீடுகளுக்கு முதலிலும் சமூக வீடுகளுக்குப் பிந்தியும் அது வருவதால், உங்கள் நோட்டீஸின் தேதிக்கு எது பொருந்தும் என்று ஆலோசகரிடம் காட்டுங்கள்.

இரண்டு நாளிலும் அந்த அளவு இருக்கவேண்டும் என்பதில்தான் வாசல் இருக்கிறது. விசாரணைக்கு முதல் நாளாவது நிலுவையை ஒரு பவுணாவது அந்த அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் கிரவுண்ட் 8 விழுந்துவிடும். கட்டிய பற்றுச்சீட்டை அச்சிட்டுக் கையில் கொண்டுபோங்கள். கிரவுண்ட் 10, 11 என்று போட்டிருந்தால் நீதிபதிக்குத் தீர்மானிக்கும் சுதந்திரம் உண்டு. பெரும்பாலான அசோசியேஷன்கள் அவற்றைத்தான் பாவிக்கின்றன.

கோட்டுக்குப் போகாட்டி என்ன? எப்படியும் அவை சொல்லுறதுதானே நடக்கும்.

போகாதவர்களுக்குத்தான் அவர்கள் சொல்வது நடக்கும். ஒரு வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும். கதிரையில் ஆள் இல்லாவிட்டால் கோப்பில் இருப்பது மட்டுமே கேட்கும். நீங்கள் போய், வேலை கிடைத்துவிட்டது அல்லது கிரெடிட் வரத் தொடங்கிவிட்டது, கிழமைக்கு இவ்வளவு கட்டுகிறேன் என்று தாளோடு சொன்னால் நீதிபதி வழக்கை ஒத்திவைக்கலாம், அல்லது கட்டளையை இடைநிறுத்தலாம். வந்த கடிதத்தோடு இருக்கும் பதில் படிவத்தை நிரப்பி முன்கூட்டியே அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் அப்போதே நீதிமன்றத்துக்குச் சொல்லுங்கள்.

'சஸ்பெண்டட் ஓடர்' எண்டு தந்தவை. அப்ப வழக்கு வெண்டாச்சுத்தானே?

இல்லை. நடப்பு வாடகையும் அதோடு நீதிபதி சொன்ன தொகையும் கட்டும்வரை உங்களை எழுப்ப முடியாது என்பதுதான் அதன் பொருள். ஒரு தரம் தவறினால் வீட்டுக்காரர் பெய்லிஃப் வாரண்ட் கேட்கலாம். ஒரு கிழமை தவறும் என்று தெரிந்தால் தவறமுன் அழைத்துச் சொல்லுங்கள். வருமானம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் கட்டளையின் தொகையை மாற்றும்படி நீதிமன்றத்திடமே கேட்கலாம்.

வீடு அவற்ற பேரில. அவர் விட்டிட்டுப் போட்டார். நிலுவை ஏறிக்கொண்டிருக்கு, என்ர காசை வாங்கமாட்டம் எண்டினம்.

சட்டப்படி மணம் முடித்தவராக இருந்து அதுவே உங்கள் குடும்ப வீடாக இருந்தால், 1996ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின் கீழ் நீங்கள் கட்டும் வாடகையைக் கணவர் கட்டியதாகவே ஏற்கவேண்டும். யுனிவர்சல் கிரெடிட்டிலும், வீட்டில் தொடர்ந்து இருக்க நீங்களே கட்டவேண்டிய நிலை என்று காட்டினால் வாடகைப் பங்கு உங்களுக்குக் கிடைக்க இடமுண்டு. ஆனால் இந்த உரிமை மணவாழ்க்கை சட்டப்படி இருக்கும்வரைதான். விவாகரத்து முடியமுன் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற நீதிமன்றத்தைக் கேட்கவேண்டும். முடிந்த பிறகு வந்தவர்களுக்கு என்னால் அதிகம் உதவ முடிந்ததில்லை.

இரண்டு பெயரிலும் வீடு என்றால் முழு நிலுவைக்கும் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. பாதி பாதி என்று கிடையாது. இன்னொரு ஆபத்து: கிழமைக் குடியிருப்பில் ஒருவர் மட்டும் விலகல் நோட்டீஸ் கொடுத்தாலும் இருவரின் குடியிருப்பும் முடியலாம். பிரிவு கசப்பாக இருந்தால் உடனே சட்டத்தரணியைப் பாருங்கள்.

ஒரு அறையை ஊர்ப் பெடியன் ஒருத்தனுக்கு வாடகைக்குக் குடுத்து நிலுவையைக் கட்டலாமோ?

செக்யூர் குடியிருப்பாளர் தன்னோடு ஒருவரைத் தங்கவைக்கலாம், அது உரிமை. மற்றவர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்து எழுத்தில் அனுமதி கேளுங்கள். யுனிவர்சல் கிரெடிட் அந்த வாடகைக் காசை வருமானமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன கூடுதல் அறை வெட்டு நீங்காது.

முழு வீட்டையும் கொடுத்துவிட்டு நீங்கள் வேறெங்கோ இருப்பது முற்றிலும் வேறு விஷயம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கிரிமினல் குற்றம், வீடும் போகும்.

சாவியைக் குடுத்திட்டுப் போனா இந்தக் கடனும் போயிடும்தானே?

போகாது. கடன் உங்கள் பெயரில் பின்னால் வரும். அதோடு, இருக்கக்கூடிய வீட்டைத் தானாக விட்டவர் 'வேண்டுமென்றே வீடற்றவர்' என்று கவுன்சில் தீர்மானிக்கலாம். அப்படியானால் நீண்டகால வீடு தரும் கடமை அவர்களுக்கு இல்லை. நிலுவையால் எழுப்பப்பட்டவர்களுக்கும் இதே கேள்வி வரும். வாடகை உண்மையிலேயே தாங்கமுடியாததாக இருந்ததா என்பதைக் கவுன்சில் பார்க்கவேண்டும். உதவிப்பணத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு உரியதை வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பது 2019இல் பேர்மிங்காம் கவுன்சிலுக்கு எதிரான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வருவது, போவது எழுதிய பழைய தாள்களை எறியாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

நாளைக்கு பெய்லிஃப் வருகினம். இனி ஒண்டும் செய்யேலாதோ?

அவர்கள் வந்து வீட்டைக் கையேற்கும் நிமிடம் வரை செய்யலாம். தேதியைச் சொல்லும் அறிவித்தல் குறைந்தது 14 நாள் முன்பே வந்திருக்கும். அது அந்தப் பிரிக்காத உறைகளுக்குள் கிடக்கும். 'என்244' என்ற படிவத்தை நிரப்பி இன்றே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள். சிறு கட்டணம் உண்டு, குறைந்த வருமானக்காரர் விலக்குக் கேட்கலாம். என்ன மாறியிருக்கிறது, எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதி, முடிந்தால் இன்று ஒரு தொகையையும் கட்டிப் பற்றுச்சீட்டை இணையுங்கள். கிரவுண்ட் 8இல் வந்த கட்டளை என்றால் நீதிபதிக்கு இங்கேயும் கை கட்டப்பட்டிருக்கும். மற்றவற்றில் வாரண்டை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு.

விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் எல்லாம் தானாக நின்றுவிடாது. விசாரணை எத்தனை மணிக்கு என்று கவுண்டரிலேயே கேட்டு, பெய்லிஃப் வரும் நேரத்துக்கு முன்னதாக வைக்கும்படி சொல்லுங்கள். மற்றப் பக்கத்தால் ஒருவர் கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்கும் அழைத்துச் சொல்லட்டும்.